அரைவெள்ளை

முதல் ஓலை வாசித்த ஞாயிறே
பெரியம்மா மலையேறி வந்துவிட்டாள்,
இருபது கொண்டை ஊசியிலும் எலுமிச்சையை முகர்ந்தபடி.
செருப்பைக் கழற்றுமுன் கேட்டாள்:
"என்ன நெறம் கட்டப் போறே?"

வெள்ளை என்றேன்.
"அதத்தான் அஞ்சு வருசமா கட்டுறியே."
சின்ன அண்ணி குரலைத் தாழ்த்தி,
வெள்ளை கன்னிப் பொண்ணுக்கு என்றாள்.
ஒரே நிறம்
எனக்கு ஏற்கெனவே அதிகம்,
இன்னமும் ஆகாது.

சேலம் கடைவீதியில் துணிக்காரர் தீர்ப்புச் சொன்னார்:
"அரைவெள்ளை எடுங்கம்மா,
எந்தப் பக்கமும் பேச்சு வராது."
விரித்துக் காட்டினார்.
திரிந்த பாலின் நிறம்.

நிறங்களை நான் படித்தது சனிக்கிழமைகளில்.
கோவில் துணி துவைக்கிறவள் நான்.
சிவப்பு ஆண்டுக்கு நாலைந்து முறைதான் வெளியே வரும்,
வேதசாட்சிகளுக்கும் பரிசுத்த ஆவிக்கும்;
மற்ற நாளெல்லாம் பூச்சி உருண்டை வாசம்.
பொன்சரிகை போட்ட வெள்ளையைத்
தண்ணீரில் முக்கவே கூடாது.
பச்சைதான் நைந்து கிடக்கும்,
கழுத்தில் வியர்வை வட்டம்,
பிரித்துப் பிரித்துத் தைத்த தோள்.
ஊதா சாயம் போகும்.
சவரிராயனைப் புதைத்த அன்று சாமியார் போட்டிருந்த ஊதாவை
அடுத்த சனிக்கிழமை நான்தான் துவைத்தேன்.
மூன்று வாளித் தண்ணீர் மாற்றினேன்.
மூன்றிலும் இறங்கியது.

மூன்றாம் ஓலை வாசித்தபோது
சுரூபங்கள் எல்லாம் தவசுகாலத் துணிக்குள்.
"அமலோற்பவம், கைம்பெண்" என்பதை
அந்தோணியார் ஊதா வழியாகக் கேட்டிருப்பார்.

சாமியாரிடம் கேட்டேன்.
ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னார்:
"அது உயிர்ப்போட வெள்ளைம்மா. போதுமா?"
போதும் போதாது என்று சொல்வதற்குள்
சாவி கிடைத்துவிட்டது.

சந்தியாகுவிடமும் கேட்டேன்.
கீழே, வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை அவருக்கு.
சாயங்காலம் புருவத்தைத் தட்டினால் மாவு கொட்டும்.
"வெள்ளை தினம் வீட்டுக்கு வருது," என்றார்,
"தனியா எதுக்கு யோசிக்கணும்?"

அரைவெள்ளையை வாங்கினேன்,
பெரியம்மாவுக்கு.

பாஸ்கா கழிந்த இரண்டாம் வாரம்.
முன்வாரம் பெய்த ஒரே ஒரு மழைக்கு
காப்பித் தோட்டம் முழுக்க ஒரே இரவில் வெடித்திருந்தது.
கோவிலுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில்
இரண்டு பக்கமும் வெள்ளை, மல்லிகை போல் மூச்சடைக்கும் வாசம்.
என் முழுவெள்ளைச் சேலையை
அன்று யாரும் தனியாகப் பார்க்கவில்லை.
அம்மாப்பேட்டை வெண்பட்டு வேட்டியில்
சந்தியாகு மட்டும் துடைத்து வைத்த விளக்கு மாதிரி
தூசில்லாமல் நின்றார். அடையாளம் தெரியவில்லை.

மஞ்சள் கயிறு கழுத்தில் ஏறியது,
சிலுவையும் புறாவும் கோத்தது.
மூன்றாம் முடிச்சில் அவர் விரல் நடுங்கியது.
பழைய கயிறு கழன்ற இடத்தில்
எனக்குக் கொஞ்சம் குளிர்ந்தது. மறைக்கவில்லை.

கூறைச் சேலைத் தட்டோடு பக்கத்தில் மகள்,
எட்டு வயது பெர்னதெத்,
முகமெல்லாம் அந்தச் சிவப்பு பட்டு.
சனிக்கிழமைகளில் எனக்குக் கிளிப் எடுத்துக் கொடுப்பவள்.
மந்திரிப்புத் தண்ணீர் தெறித்ததும் கிசுகிசுத்தாள்:
"அம்மா, பச்சை எப்போ?"

மூன்றாம் நாள் பூவெல்லாம் பழுத்து உதிர்ந்தது.
வெண்பட்டை மடித்துப் பெட்டியில் வைத்தோம்,
கூறையை அதன் மேல்.

இன்று பெந்தெகொஸ்தே முடிந்த திங்கள்.
அலமாரியிலிருந்து பச்சையை எடுத்து வந்தேன்,
இனி திருவருகைக் காலம் வரை அதுதான்.
தோளில் புதிதாய் ஒரு கிழிசல்.
உதறி கொடியில் போட்டேன்.
பக்கத்தில் அவர் வேலைச் சட்டை,
எத்தனை அலசியும் மடிப்பில் கொஞ்சம் வெள்ளை.
வேலியோரக் காப்பிக் கிளையில்
குண்டூசித் தலையளவு காய்கள்.
பெர்னதெத் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.
மூடுபனி வருகிறது,
கிளிப் ஒன்று குறைகிறது.